பென்சில் புள்ளடி

உப்புவெளிப் பயிற்சியில் தந்த தாளில்
பதினேழாவது கேள்வி:
குழந்தைகளுக்கான ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியைப்
பெற்றோருக்குப் பரிந்துரைப்பேன்.
எதிரே ஐந்து கட்டம்.
முற்றாக உடன்படுகிறேன் முதற்கொண்டு
முற்றாக மறுக்கிறேன் வரை.
பெயர் எழுதவேண்டாம் என்றார்கள்.
நான் இரண்டாவது கட்டத்தில் புள்ளடி போட்டேன்,
பென்சிலால்.

முதலாவதில் ஏன் போடவில்லை?
பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போதுதான்
என்னை நானே கேட்டேன்.
ஊசியில் எனக்குச் சந்தேகமா?
இல்லை.
பதினாலு வருசமாய் இந்தக் கையால்
எத்தனை தொடை, எத்தனை வீறிடல்.

ஐந்து நோய்க்கு ஒரு ஊசி என்று தொடங்குவேன்.
குக்கலுக்கு இருமிக் காட்டுவேன், தாய்மார் சிரிப்பார்கள்.
ஏற்புவலிக்குத் துருப்பிடித்த ஆணி ஒன்று போதும்.
செங்கமாரிக்கு வந்ததும்
குரல் ஒரு படி இறங்கிவிடும்.
"அதுக்கும் சேர்த்துத்தான்.
ரெண்டு நாள் காய்ச்சல் காயும்,
பனடோல் துளி குடுங்கோ."
அடுத்த கொப்பி.

போன புதன் நஸ்லியா விடவில்லை.
"எங்கட ஊட்டுல ஒருத்தரும் குடிக்கிறல்ல மிஸ்ஸி,
ஈரல் வருத்தத்துக்கு இவனுக்கு என்னத்துக்கு ஊசி?"
பின்னால் மாமி நின்றா,
மாமிக்குப் பின்னால் பதினொரு பேர்.
இரத்தம் என்று சொல்லவேணும்,
பிரசவம் என்று,
சலூனில் மாற்றாத பிளேட் என்று,
படுக்கை என்று.
நான் சொன்னது:
"அரசாங்கம் போடச் சொல்லியிருக்கு."
அவள் பிள்ளையின் காலைப் பிடித்துத் தந்தாள்.
நம்பி அல்ல. களைத்து.

"ஏன் வாயைக் குடுக்கிறாய்,
போட்டால் சரிதானே," என்றாள் ஜெசிந்தா,
ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டு.
சரிதான்.
ஆனால் நாலாம் மாதம் நஸ்லியா வரவில்லை என்றால்
அது காய்ச்சலுக்குப் பயந்தல்ல,
என் குரல் இறங்கிய அந்தப் படியில்
தடுக்கி விழுந்துதான்.

பெரியாஸ்பத்திரியில் ஒருத்தரைப் பார்த்திருக்கிறேன்.
இறக்கக்கண்டியார், கரைவலைக்காரர், முப்பத்தெட்டு வயசு.
வயிறு மட்டும் வேறு யாருடையதோ போல
அவருக்கு முன்னால் கட்டிலில் இருந்தது.
ஒரு சொட்டுத் தொடாத மனுசன் என்று
மனைவி வாறவர் போறவருக்கெல்லாம் சத்தியம் செய்தா,
கீழ்க்காய்நெல்லிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு.
யாரும் அவவிடம் கேட்கவேயில்லை.
எப்போது தொற்றியது?
பிறந்த அன்றைக்காய் இருக்கலாம்.
கண் மஞ்சளாகாமல், ஒரு நாள் காயாமல்,
முப்பத்தெட்டு வருசம்
அவரோடு கடலுக்குப் போய் வந்திருக்கிறது.

இரண்டு மாதப் பிள்ளையைத் தோளில் போட்டவளுக்கு
முப்பத்தெட்டு வருசத்தை
மூன்று நிமிசத்தில் எப்படிச் சொல்வது?
தெரியாது.
அதற்கொரு கட்டம் அந்தத் தாளில் இல்லை.

பதினெட்டாவது கேள்வி சின்னது:
நீங்கள் போட்டுக்கொண்டீர்களா?
ஆம் என்று போட்டேன்.
மூன்றில் இரண்டு ஆம்தானே.
மூன்றாவது ஊசி நாளன்று
கிண்ணியாவுக்குப் பாதை ஓடவில்லை, காற்று.
பிறகு பாலம் வந்தது.
ஊசி நினைவு வரவில்லை.
யாரும் கேட்கவுமில்லை,
மற்றவர்களின் கொப்பியைத்தானே நான் பார்க்கிறவள்.

இந்தப் புதன் வரிசை நீளம்.
முதல் பிள்ளைக்கு மட்டும் முழுதாய்ச் சொன்னேன்,
இரத்தத்தை இரத்தம் என்றே.
மாமிமார் நிலத்தைப் பார்த்தார்கள்.
ஒருத்தி கேட்டாள்: "அப்ப எனக்கும் இருக்குமோ?"
அதற்கு விடை சொல்ல ஏழு நிமிசம் போனது.
மற்றவர்களுக்குப் பழையபடி,
கொஞ்சம் குறைய இறங்கிய குரலில்.

பின்னேரம் ஜெசிந்தாவிடம் கையை நீட்டினேன்.
"எனக்கு ஒண்டு பாக்கி."
பெட்டிக்குள் பெரியாக்களின் மருந்து இல்லை,
கடிதம் எழுதவேணும் என்றாள்.
எழுதுகிறேன்.
காரணம் என்ற இடத்தில்
பாதை ஓடவில்லை என்று எழுதி,
அழித்து,
இப்போது வெறுமையாய் வைத்திருக்கிறேன்.
பேனையால்தான் நிரப்பவேணுமாம்.